இங்கிலாந்து கால்பந்தின் வேகத்துக்கு டச்சு வீரர்கள் பழகுவது எப்படி? ஒரு விரிவான அலசல்

நுட்பத்துக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்து வீரர்களில் பலர் பிரீமியர் லீக்கில் தடுமாறியதற்கும், சிலர் அங்கேயே உச்சம் தொட்டதற்கும் உள்ள காரணங்களை இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் தேதி. பிரென்ட்ஃபோர்டு அணியின் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அணி முதல் 35 நிமிடங்களுக்குள் நான்கு கோல்களை வாங்கி, இறுதியில் 0-4 எனத் தோற்றது. அயாக்ஸ் அணியிலிருந்து வந்து பொறுப்பேற்றிருந்த டச்சுப் பயிற்சியாளர் எரிக் டென் ஹாக்குக்கு அது இரண்டாவது லீக் ஆட்டம். பிரென்ட்ஃபோர்டு வீரர்கள் அன்று யுனைடெட் வீரர்களைவிட மொத்தமாக 13.8 கி.மீ. கூடுதலாக ஓடியிருந்தனர். மறுநாள் விடுமுறை ரத்தானது. அதே 13.8 கி.மீ. தூரத்தை யுனைடெட் வீரர்கள் வெயிலில் பயிற்சித் திடலில் ஓட வேண்டியதாயிற்று. அடுத்த ஆட்டத்தில் லிவர்பூலை அந்த அணி 2-1 என வென்றது.

ஓட்டத் தூரத்தைத் தண்டனையின் அளவுகோலாக ஒரு டச்சுப் பயிற்சியாளர் எடுத்துக்கொண்டதுதான் இதில் கவனிக்கத்தக்கது. ஏனெனில் டச்சுக் கால்பந்தின் பாடத்தில் ஓட்டத்துக்கு எப்போதும் இரண்டாம் இடம்தான். பந்து ஓட வேண்டும். வீரர் சரியான நேரத்தில் சரியான இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அங்கு பல தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. உலகின் புகழ்பெற்ற இளையோர் பயிற்சிக்கூடங்களுள் ஒன்றான அயாக்ஸ், சிறுவர்களைத் தேர்ந்தெடுக்க நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த அளவுகோல்கள் நான்கு: நுட்பம், புரிதல், ஆளுமை, வேகம். உடல் வலிமை அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தப் பட்டியலின்படி வளர்ந்த ஒருவர் இங்கிலாந்து மைதானத்தில் கால் வைக்கும்போது என்ன நேர்கிறது என்பதே கேள்வி.

'உடல் வலு' என்பது என்ன?

இங்கிலாந்து கால்பந்து 'உடல் சார்ந்தது' என்று சொல்லும்போது, முட்டி மோதும் பெரிய உருவங்களே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அது பாதி உண்மைதான். 1.97 மீட்டர் உயரம் கொண்ட டச்சு முன்கள வீரர் வௌட் வெக்ஹோர்ஸ்ட், ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் அணிக்காகக் கோல்களைக் குவித்தவர். 2022 ஜனவரியில் பர்ன்லி அணிக்கு வந்த அவர் 20 லீக் ஆட்டங்களில் இரண்டே கோல்கள் அடித்தார். அந்த அணியும் தரமிறக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட்டில் லீக் ஆட்டங்களில் அவருக்கு ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. உயரமும் எடையும் மட்டும் போதுமென்றால் அவர் தோற்றிருக்கக் கூடாது.

உண்மையான வேறுபாடு, வேக ஓட்டத்தை எத்தனை முறை திரும்பத் திரும்ப மேற்கொள்ள முடிகிறது என்பதில் இருக்கிறது. 2006-07 முதல் 2012-13 வரையிலான ஏழு சீசன்களின் பிரீமியர் லீக் ஆட்டங்களை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு வீரர் ஓர் ஆட்டத்தில் கடக்கும் மொத்தத் தூரம் அந்தக் காலத்தில் சுமார் 2 சதவீதமே கூடியிருந்தது. ஆனால் அதிவேக ஓட்டத்தில் கடக்கும் தூரம் சுமார் 890 மீட்டரிலிருந்து 1,151 மீட்டராக, அதாவது ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்திருந்தது. அத்தகைய ஓட்டங்களின் எண்ணிக்கை 118-லிருந்து 176 ஆகியிருந்தது. வீரர்கள் நடக்கும் நேரமும் மெதுவாக ஓடும் நேரமும் குறைந்து, பாய்ந்து ஓடும் தருணங்கள் பெருகிவிட்டன என்பது இதன் பொருள். ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் நடுவே மூச்சு வாங்கக் கிடைக்கும் நொடிகள் சுருங்கிவிட்டன.

மூளையும் இந்த நெருக்கடியில்தான் இயங்க வேண்டியுள்ளது. ஆம்ஸ்டர்டாமில் பந்தை வாங்கித் திரும்பிப் பார்க்க ஒரு நடுக்கள வீரருக்கு இரண்டு நொடிகள் கிடைக்கலாம். இங்கிலாந்தில் பந்து காலுக்கு வரும் முன்பே எதிரணி வீரரின் தோள் முதுகில் பட்டுவிடும். அந்த மோதலைப் பல நாடுகளின் நடுவர்கள் தவறாகக் கருதி விசில் ஊதுவார்கள்; இங்கிலாந்து நடுவர் பெரும்பாலும் ஆட்டத்தைத் தொடரவே விடுவார்.

பலம் குன்றிய அணியே இல்லாத லீக்

இரு நாட்டு லீக்குகளின் அமைப்பும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கான எரெடிவிசியில் 18 அணிகள். ஓர் அணிக்கு 34 ஆட்டங்கள். 1965 முதல் அங்கு ஏஇசட் ஆல்க்மார் அணி இருமுறையும், ட்வென்டே அணி ஒருமுறையும் பட்டம் வென்றதைத் தவிர்த்தால், மற்ற எல்லாப் பட்டங்களும் அயாக்ஸ், பிஎஸ்வி, ஃபெயனூர்ட் ஆகிய மூன்று அணிகளுக்கே சென்றுள்ளன. இங்கிலாந்து அணிகள் வாங்க விரும்புவதும் பெரும்பாலும் இந்த மூன்று அணிகளின் வீரர்களைத்தான்.

இதில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. ஆண்டின் பெரும்பாலான வாரங்களில் எதிரணியைவிட வலுவான அணியில் ஆடும் வீரர், பந்தைத் தன்வசம் வைத்துக்கொண்டே ஆடிப் பழகுகிறார். பந்தை இழந்து, 50 மீட்டர் பின்னோக்கி ஓடி, மீண்டும் முன்னேறி ஓடும் நிலை அவருக்கு அரிதாகவே ஏற்படுகிறது. பிரீமியர் லீக்கிலோ அட்டவணையின் 17ஆம் இடத்தில் இருக்கும் அணியும் பல கோடி பவுண்டுகள் செலவிட்டு உலகம் முழுவதிலுமிருந்து வீரர்களை வாங்கியிருக்கும். அங்கு 'எளிதான சனிக்கிழமை' என்று ஒன்று கிடையாது.

அட்டவணையும் கடுமையானது. 20 அணிகள், 38 லீக் ஆட்டங்கள், இரண்டு உள்நாட்டுக் கோப்பைப் போட்டிகள், அவற்றுடன் ஐரோப்பியப் போட்டிகள். நெதர்லாந்தில் கிறிஸ்துமஸையொட்டி லீக் சில வாரங்கள் ஓய்வெடுக்கும். இங்கிலாந்தில் அதே நாட்களில்தான் ஆட்டங்கள் அடுத்தடுத்து நெருக்கமாக வரும். மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளராக இருந்த லூயி வான் ஹால், குளிர்கால ஓய்வு இல்லாத இந்த வழக்கத்தை 2016ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். 2019-20 சீசனில் ஒரு குறுகிய இடைவேளை அறிமுகமானது. 2024-25 சீசனில் அதுவும் கைவிடப்பட்டது.

இப்ஸ்விச் காட்டிய வழி

டச்சு வீரர்களின் இங்கிலாந்துப் பயணம் புதிதல்ல. வெளிநாட்டு வீரர்களுக்கான தடையை இங்கிலாந்து 1978இல் விலக்கிக்கொண்டதும், இப்ஸ்விச் டவுன் பயிற்சியாளர் பாபி ராப்சன் ட்வென்டே அணியிலிருந்து ஆர்னால்ட் மூரெனை ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு அழைத்து வந்தார். சில மாதங்களில் ஃபிரான்ஸ் தைசனும் வந்து சேர்ந்தார். இருவரும் மெலிந்த தேகம் கொண்ட நடுக்கள வீரர்கள்.

லிவர்பூலுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் தன் தலைக்கு மேலேயே பறந்து சென்றதாக மூரென் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். பின்களத்திலிருந்து நேராக முன்களத்துக்குப் பந்தை உதைத்து அனுப்புவதே அன்றைய வழக்கம். நடுக்களத்தில் நிற்பவருக்கு அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. ராப்சன் வீரரை மாற்றவில்லை; ஆட்டமுறையை மாற்றினார். பந்து தரை வழியாக இரு டச்சு வீரர்களின் கால்களுக்கும் வரத் தொடங்கியது.

1980-81 சீசனில் இப்ஸ்விச் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. எஃப்ஏ கோப்பையில் அரையிறுதி வரை சென்றது. யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் நெதர்லாந்தின் ஏஇசட் அணியையே 5-4 என்ற மொத்தக் கோல் கணக்கில் வென்றது. இங்கிலாந்து கால்பந்துப் பத்திரிகையாளர்கள் அந்த ஆண்டின் சிறந்த வீரராகத் தைசனைத் தேர்ந்தெடுத்தனர். அந்த ஒரு சீசனில் அந்த அணி ஆடியவை 66 ஆட்டங்கள். லீக் பட்டம் கைநழுவியதற்குக் களைப்பே காரணம் என்று சொல்வோர் இன்றும் உள்ளனர். மறுப்பது கடினம்.

தைசன், மூரென் காலத்து மைதானங்கள் சேறு நிறைந்தவை. பின்னாலிருந்து காலை வாரும் ஆட்டம் பெரும்பாலும் தண்டனையின்றித் தப்பிவிடும். அந்தச் சூழலிலும் ஒல்லியான இருவர் சிறக்க முடிந்தது என்றால், வீரரைச் சுற்றி அமைக்கப்படும் ஆட்டமுறை அவரது தசைகளைவிடப் பெரிய பாதுகாப்பு என்பது புலனாகிறது.

1995இல் இன்டர் மிலானிலிருந்து 75 லட்சம் பவுண்டுக்கு ஆர்சனல் வந்த டென்னிஸ் பெர்க்காம்ப், முதல் ஏழு ஆட்டங்களில் கோல் அடிக்கவில்லை. இவரால் இங்கு தாக்குப்பிடிக்க முடியாது என்று நாளேடுகள் எழுதத் தொடங்கிவிட்டன. செப்டம்பரில் சவுத்தாம்ப்டனுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார். அதன் பின் 2006 வரை அதே அணியில் நீடித்தார். ஏழு ஆட்டங்களில் தீர்ப்பு எழுதும் பழக்கம் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

நேரடியாக வந்தவர்களின் சறுக்கல்

அண்மைக்கால வரலாற்றில் சறுக்கல்கள் ஏராளம். 2014-15 சீசனில் எரெடிவிசியில் 22 கோல்கள் அடித்த மெம்பிஸ் டிபாய், மான்செஸ்டர் யுனைடெட்டில் தம் முதல் லீக் சீசனில் அடித்தவை இரண்டு. 2015-16இல் ஏஇசட் அணிக்காக 27 கோல்கள் அடித்த வின்சென்ட் யான்சென், டாட்டன்ஹாமில் அடுத்த லீக் சீசனில் அடித்தவையும் இரண்டுதான். அயாக்ஸ் தலைவராக அணியை 2017 யூரோப்பா லீக் இறுதிவரை கொண்டுசென்ற டேவி கிளாசென், எவர்ட்டனுக்கு வந்தபின் ஏழே லீக் ஆட்டங்களில் களமிறங்கிவிட்டு, ஓராண்டில் ஜெர்மனிக்குச் சென்றார்.

இவற்றில் மிகவும் வருந்தத்தக்கது டோனி வான் டி பீக்கின் கதை. 2019இல் அயாக்ஸ் அணி சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிவரை சென்றபோது, எதிரணித் தடுப்பாட்டக்காரர்களுக்கு இடையிலான வெற்றிடத்தை மோப்பம் பிடித்து ஓடும் அவரது திறன் ஐரோப்பாவையே வியக்க வைத்தது. மறு ஆண்டு 3.9 கோடி யூரோவுக்கு மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியது. முதல் லீக் சீசனில் அவர் தொடக்க அணியில் இடம்பெற்றவை நான்கு ஆட்டங்கள் மட்டுமே.

அவரது பலவீனம் உடலில் இருந்ததா, அணியின் ஆட்டமுறையில் இருந்ததா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. அயாக்ஸில் சுற்றியிருந்த பத்துப் பேரும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள்; அவர் எங்கு ஓடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். மான்செஸ்டரில் அந்தப் பந்து வரவில்லை. பந்து வராத ஆட்டத்தில் நடுக்கள வீரரை மதிப்பிட எஞ்சியிருப்பது அவரது மோதும் திறனும் ஓட்டமும் மட்டுமே. அந்த அளவுகோலில் அவர் சராசரியானவராகத் தெரிந்தார். பிற்பாடு தம் பழைய பயிற்சியாளர் டென் ஹாக்கே அங்கு வந்தபோது வாய்ப்பு துளிர்த்தது. 2023 ஜனவரியில் ஏற்பட்ட முழங்கால் காயம் அந்த சீசனையே முடித்துவிட்டது.

டிபாய்க்கு வேறு முடிவு வாய்த்தது. பிரான்ஸின் லியோன் அணியில் மறுவாழ்வு பெற்ற அவர், 2025 செப்டம்பரில் ராபின் வான் பெர்சியின் 50 கோல் சாதனையைக் கடந்து நெதர்லாந்து தேசிய அணிக்காக அதிக கோல் அடித்தவர் ஆனார். இங்கிலாந்தில் தோற்றவர் எல்லாரும் திறமையற்றவர் அல்லர் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இடையில் ஒரு படிக்கட்டு

வெற்றி பெற்றவர்களின் பாதையைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. பலரும் நெதர்லாந்திலிருந்து நேராக உச்ச அணிக்குத் தாவியவர்கள் அல்லர்.

இன்று உலகின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவராகக் கருதப்படும் வெர்ஜில் வான் டைக், குரோனிங்கன் அணியிலிருந்து 2013இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்குச் சென்றார். அங்கு இரண்டு ஆண்டுகள். பின்னர் சவுத்தாம்ப்டனில் இரண்டரை ஆண்டுகள். லிவர்பூல் அவரை 7.5 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது 2018 ஜனவரி. வயது 26. பிரிட்டிஷ் மண்ணின் காற்றும் மழையும் தலைமுட்டல்களும் அதற்குள் அவருக்குப் பழகிவிட்டிருந்தன. ஜார்ஜினியோ வைனால்டம், பிஎஸ்வி அணியிலிருந்து நியூகாசிலுக்கு வந்து, அந்த அணி தரமிறக்கப்பட்ட வேதனையையும் பார்த்துவிட்டு, அதன் பிறகே லிவர்பூலில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார்.

ரயன் கிராவென்பெர்க்கின் பாதை இன்னும் தெளிவான பாடம். அயாக்ஸிலிருந்து 2022இல் பயர்ன் மியூனிக்குக்குச் சென்ற அவருக்கு அங்கு போதிய வாய்ப்பு கிடைக்கவில்லை. 2023இல் லிவர்பூல் வந்தபின் முதல் சீசனிலும் பெரும்பாலும் மாற்று வீரராகவே இருந்தார். நெதர்லாந்தைச் சேர்ந்த ஆர்னே ஸ்லாட் 2024இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றதும், அவரைத் தடுப்பு நடுக்களத்தில், தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். எதிரணியின் தாக்குதலை முதலில் எதிர்கொள்ளும் அந்த இடத்தில் 37 லீக் ஆட்டங்களில் ஆடினார் கிராவென்பெர்க். லிவர்பூல் பட்டம் வென்றது. லீக்கின் சிறந்த இளம் வீரர் விருது அவருக்குக் கிடைத்தது.

இதில் தசை வளர்ந்ததைவிட முக்கியமானது, மோதலுக்கு முன்பே தோளைத் திருப்பி எதிராளியைக் கடக்கும் அவரது இயல்பான திறனுக்கு ஏற்ற இடம் கிடைத்ததுதான். மோதலில் வெல்வது ஒரு வழி; மோதல் நிகழாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. டச்சுப் பள்ளி கற்றுத்தருவது இரண்டாவதை.

படிக்கட்டு விதி எல்லாருக்கும் பொருந்துவதில்லை. கோடி காக்போ பிஎஸ்வியிலிருந்து நேராக லிவர்பூலுக்கு வந்து நிலைத்தவர். வான் பெர்சி 2004இல் ஃபெயனூர்டிலிருந்து நேராக ஆர்சனலுக்கு வந்தவர். ஆனால் வான் பெர்சி காயங்களின்றி ஒரு லீக் சீசனின் 38 ஆட்டங்களிலும் களமிறங்கியது 2011-12இல்தான்; அந்த ஆண்டு 30 லீக் கோல்கள் அடித்தார். அதற்கு அவருக்கு ஏழு ஆண்டுகள் தேவைப்பட்டன. அத்தனை ஆண்டுகள் காத்திருக்கும் அணி இன்று அரிது.

உடல் செலுத்தும் விலை

பழகிக்கொண்டவர்களும் விலை கொடுக்காமல் தப்புவதில்லை. டாட்டன்ஹாமின் மிக்கி வான் டி வென், 2024 ஜனவரி இறுதியில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக மணிக்கு 37.38 கி.மீ. வேகத்தில் ஓடினார். பிரீமியர் லீக்கில் அதுவரை பதிவானவற்றுள் அதுவே உச்ச வேகம். அதே வீரர் 2023 நவம்பரில் தொடையின் பின்தசைக் காயத்தால் விலகியிருந்தவர். 2024 அக்டோபரில் மீண்டும் அதே வகைக் காயம். டிசம்பரில் களம் திரும்பிய ஆட்டத்திலேயே இன்னொரு முறை.

காரணம் எளிது. முழு வேகத்தில் ஓடும்போது, முன்னோக்கி வீசப்படும் காலைத் தரையில் ஊன்றுவதற்கு முன் பிடித்து நிறுத்தும் 'பிரேக்' வேலையைத் தொடையின் பின்தசைதான் செய்கிறது. நீண்டுகொண்டே இழுவிசையைத் தாங்க வேண்டிய அந்த நொடியில்தான் தசை கிழிகிறது. வேகம் கூடக்கூட விசையும் கூடும். ஓய்வு குறையக் குறைய தசையின் தாங்குதிறன் குறையும். முழந்தாளிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்சாய்க்கும் 'நோர்டிக்' பயிற்சி இக்காயங்களைக் குறைக்கிறது என்பதை நெதர்லாந்தின் அமெச்சூர் வீரர்களிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது.

மூட்டுக் காயங்கள் வேறு வகை. 2020 அக்டோபரில் எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணி கோல்கீப்பரின் மோதலால் வான் டைக்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த சீசனில் அவர் திரும்பவில்லை. அயாக்ஸிலிருந்து ஆர்சனலுக்கு வந்த யூரியன் டிம்பர், 2023 ஆகஸ்டில் தம் முதல் லீக் ஆட்டத்திலேயே அதே காயத்துக்கு ஆளாகி, சீசனின் கடைசி நாளில்தான் மறுபடி களமிறங்கினார். இத்தகைய காயம் எந்த லீக்கிலும் நேரலாம் என்பதால், பழியை முழுவதும் இங்கிலாந்தின் மீது போடுவது சரியாகாது. ஆனால் டிம்பர் போன்றோர் அணியில் நிலைத்ததற்கு, ஓராண்டு முழுக்க மருத்துவக் குழுவும் பயிற்சியாளரும் பொறுமை காத்தது காரணம் என்பதை மறுக்க இயலாது.

தாயகத்தில் மாறும் பாடம்

நெதர்லாந்தும் தன் முறையைத் திருத்திக்கொண்டு வருகிறது. 2013 முதல் அயாக்ஸ், பிஎஸ்வி போன்ற அணிகளின் இளையோர் பிரிவுகள் அந்நாட்டின் இரண்டாம்நிலை லீக்கில் இடம்பெறுகின்றன. 17, 18 வயது இளைஞர்கள் சம வயதினரோடு மட்டும் ஆடாமல், 30 வயதைத் தாண்டிய அனுபவசாலிகளின் முழங்கையையும் தோளையும் வாரந்தோறும் சந்திக்கிறார்கள். 2017-18இல் யோங் அயாக்ஸ் அந்த லீக்கில் முதலிடமே பிடித்தது.

தேசிய அணிக்கும் இது வெறும் கிளப் விவகாரம் அல்ல. 2024 யூரோ அரையிறுதியில் டார்ட்மண்டில் இங்கிலாந்திடம் 1-2 எனத் தோற்ற நெதர்லாந்து அணியின் தொடக்கப் பதினொருவரில் வான் டைக், நேதன் ஆக்கே, காக்போ, கோல்கீப்பர் பார்ட் வெர்புரூகன் ஆகிய நால்வர் பிரீமியர் லீக் வீரர்கள். கடைசி நிமிடத்தில் விழுந்த கோல் அது. அதன் பின் இந்த எண்ணிக்கை கூடியே வருகிறது.

2025ஆம் ஆண்டு கோடையில் டைஜானி ரெய்ன்டர்ஸ் மான்செஸ்டர் சிட்டிக்கும், ஜெரமி ஃபிரிம்போங் லிவர்பூலுக்கும், ஸாவி சிமன்ஸ் டாட்டன்ஹாமுக்கும் வந்தனர். மூவரும் முறையே ஏசி மிலான், லெவர்குசன், லைப்சிக் அணிகளில் ஆடிவிட்டு வந்தவர்கள். அதே கோடையில் அயாக்ஸிலிருந்து எந்த இடைநிறுத்தமும் இன்றி செல்சிக்கு வந்தவர் யோரெல் ஹாட்டோ. அப்போது அவருக்கு வயது 19. அயாக்ஸ் முதல் அணிக்காக அதற்குள் நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடி முடித்திருந்தார்.